முடிசூட்டு ஓவியமும் பென்சில் வரைபும்

வரலாற்று ஓவியமொன்றை மூலாதாரமாகக் கொள்வோர், அதன் முன்வரைபுகளையும் நோக்குதல் வேண்டும். ஓவியன் எதனைத் தீட்டினான் என்பதை ஓவியம் கூறும். எதனைக் கைவிட்டான் என்பதை முன்வரைபே கூறும். பாரிஸ் நகரின் லூவர் நூதனசாலையிலுள்ள பென்சில் வரைபொன்று இதற்குத் தக்க சான்றாகும்.

1804 டிசெம்பர் 2ஆம் நாள் நோத்ர டாம் தேவாலயத்தில் நெப்போலியன் பிரான்சியரின் பேரரசனாக முடிசூடினான். பாப்பரசர் ஏழாம் பயஸ் உரோமிலிருந்து அழைக்கப்பட்டிருந்தும், நெப்போலியன் தன் கையாலேயே முடியைச் சூடிக்கொண்டான். பின்னர் மனைவி யோசபீனுக்கும் சூட்டினான். இந்நிகழ்ச்சியைத் தீட்டும் பணி யக் லூயி டேவிட்டுக்கு வழங்கப்பட்டது. 1793இல் பதினாறாம் லூயி மன்னனின் மரணதண்டனைக்கு ஆதரவாக வாக்களித்தவன் இவ்வோவியன் என்பது குறிப்பிடத்தக்கது.

டேவிட்டின் பென்சில் வரைபில் நெப்போலியன் ஒரு கையால் முடியைத் தன் தலைக்கு உயர்த்துகிறான். மறு கை வாளை உடலோடு அணைத்திருக்கிறது. பின்னால் பாப்பரசர் வாளாவிருக்கிறார். விழாவுக்கென வகுக்கப்பட்ட ஆடையணியும் இதே கருத்தையே உரைத்தது. பொன் வாகைமாலை உரோமப் பேரரசரை நினைவூட்டியது. மேலங்கியில் பூர்போன் மன்னரின் லில்லி மலருக்குப் பதிலாகத் தேனீக்கள் பொறிக்கப்பட்டன. பழைய மன்னர் மரபுக்குக் கடன்படாத அதிகாரம் இது என்பதே அதன் பொருள்.

ஆயின் 1807இல் நிறைவெய்திய ஓவியத்தில், ஏறத்தாழ 6.2 மீற்றர் உயரமும் 9.8 மீற்றர் அகலமுமுடைய அப்பெருஞ்சீலையில், இவ்வுருவம் இல்லை. அங்கே நெப்போலியன் முழந்தாளிட்ட யோசபீனுக்கு முடிசூட்ட முற்படுகிறான். பாப்பரசரின் கை ஆசீர்வதிக்க உயர்ந்துள்ளது. விழாவுக்கு வராத தாய் லெற்றீசியாவும் நடுவிடத்தே அமர்ந்திருக்கிறாள். தானே முடிசூடும் தோற்றம் ஆணவமாகவும் திருச்சபையை அவமதிப்பதாகவும் கொள்ளப்படக்கூடும். மனைவிக்குச் சூட்டும் தோற்றமோ பெருந்தன்மையாகக் காணப்படும்.

லெற்றீசியாவின் வருகை புனைவு. அதனை ஏனைய ஆதாரங்கள் கொண்டு எளிதில் மறுக்கலாம். யோசபீனுக்கு முடிசூட்டியதோ உண்மையில் நிகழ்ந்தது. நிகழ்ந்த இரண்டினுள் ஒன்றைத் தெரிந்து மற்றதை மறைக்கும்போது பொய்யென்று சுட்டுவதற்கு எதுவுமில்லை. அதிகாரம் வரலாற்றை ஆளும் நுட்பமான வழி இதுவே. அதனை வெளிப்படுத்துவது வண்ணமற்ற அச்சிறு வரைபு. அரண்மனைக்காக வரையப்பட்ட பெருஞ்சீலையைவிட, கைவிடப்பட்ட தாளே சிற்சில வேளைகளில் வரலாற்று மாணவனுக்கு நம்பத்தகுந்த சாட்சியாகிறது.