நாலுக்கு எட்டு

கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு சின்ன மர டிரெய்லர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்படி. அமெரிக்காவின் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழ் 1947இல் வெளியிட்ட இதன் வரைபடத்தைப் பார்த்து இன்றும் பலர் வீட்டிலேயே செய்கிறார்கள். இந்த வகை டிரெய்லர்கள் பெரும்பாலும் நாலடி அகலம், எட்டடி நீளம். எங்கள் தாமான் தச்சரிடம் படத்தைக் காட்டினேன். ஏன் அந்த அளவு என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது: “சைடுக்கு ஒரு ஷீட்டு, போதும்.” கடையில் கிடைக்கும் பிளைவுட்டின் அளவுதான் இந்த வீட்டின் அளவு.

வீடு என்று சொல்லிவிட்டேன். இது வீடா, வண்டியா? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது.

காரில் ஊர் சுற்றிக் கூடாரம் போட்டவர்கள் 1919இல் ஃபுளோரிடாவின் தாம்பா நகரில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்று சங்கமே அமைத்தார்கள். அடுத்த பத்தாண்டில் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஆர்தர் ஷெர்மன் என்ற நுண்ணுயிரியலாளர் விடுமுறைக்காக ஒரு கூடார டிரெய்லர் வாங்கினார். மழையில் குடும்பமே நனைந்தது. கடுப்பான மனுஷன், மரநாரை அழுத்திச் செய்யும் மேசோனைட் பலகையில் ஆறடி அகலம், ஒன்பதடி நீளத்துக்குத் தனக்கென ஒன்று செய்துகொண்டார். உள்ளே அடுப்பு, ஐஸ் பெட்டி, அலமாரி எல்லாம் உண்டு. 1930 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் வைத்தார். விலை 400 டாலர். 118 விற்றன.

அப்போதுதான் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கியிருந்தது. வீட்டை இழந்தவர்களும் வேலை தேடி ஊர் ஊராய்ப் போனவர்களும் கிடைத்த பலகையில் இதே மாதிரி பெட்டிகளை அடித்துக் குடியேறினார்கள். இருபது ஆண்டுகளில் பாதி அமெரிக்கர்கள் டிரெய்லரில்தான் வாழ்வார்கள் என்றார் பொருளியல் கணிப்பாளர் ரோஜர் பாப்சன்.

ஊர்க்காரர்கள் பயந்தார்கள். 1936இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆர்ச்சர்ட் லேக்கில் ஒரு வழக்கு வந்தது. சமைக்கவும் தூங்கவும் வசதி இருந்தால் டிரெய்லரும் குடியிருப்புதான், ஆகவே வீட்டுக்கான குறைந்தபட்ச அளவு அதற்கும் பொருந்தும் என்றது தீர்ப்பு. நாலுக்கு எட்டு எந்த ஊர் அளவுக்கு எட்டும்? வீடு என்று ஒப்புக்கொண்டதே வெளியேற்றத்தான்.

பிறகு உலகப்போர். ஆயுதத் தொழிற்சாலைகளில் வந்து குவிந்த தொழிலாளர்களுக்குத் தங்க இடமில்லை. அரசாங்கமே ஆயிரக்கணக்கில் டிரெய்லர்களை வாங்கி அவர்களைக் குடிவைத்தது. நேற்றுவரை பற்றாத அளவு, தேவை என்று வந்ததும் போதுமானதாகிவிட்டது. நான் முதலில் சொன்ன வரைபடம் வந்தது இதற்கெல்லாம் பிறகுதான்.

இந்தப் பெட்டிக்குள் நம் காட்டுக்கும் பங்கு உண்டு. டிரெய்லரின் உட்சுவருக்குப் போடும் மெல்லிய லாவான் பிளைவுட், நம்மூர் மெராந்திக்குச் சொந்தக்கார மரம். 2005இல் கத்ரீனா சூறாவளியில் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு டிரெய்லர்கள் கொடுத்தது. பலகை ஒட்டும் பசை போன்றவற்றிலிருந்து வெளியாகும் ஃபார்மால்டிஹைடு உள்ளே அதிகமாக இருப்பது சோதனையில் தெரிந்தது. கோடை வருமுன் வெளியேறுங்கள் என்று 2008இல் சொன்னார்கள். வேறு வீடு இருந்திருந்தால் அவர்கள் ஏன் அங்கே இருந்திருக்கப் போகிறார்கள்?

யூடியூப்பில் இளைஞர்கள் இதைச் செய்வதைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. மூலைகளை வளைக்கும் நேர்த்தி, வார்னிஷ் பளபளப்பு. சும்மா சொல்லக்கூடாது, அழகு. நானும் ஒன்று செய்தால் சனிக்கிழமை கேமரன் மலைக்கு இழுத்துப் போவேன். ஞாயிறு இரவு வீடு திரும்பிவிடுவேன். திரும்பிவர ஒரு வீடு இருப்பதால்தான் எனக்கு அது விளையாட்டு.