கொல்லைத் தக்காளியில் பூச்சியும் நோயும்: தெளிப்பானை எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கொல்லையில் பத்து, இருபது தக்காளிச் செடி வைத்திருக்கும் வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். இலை சுருண்டாலோ, காயில் ஓட்டை தெரிந்தாலோ, பருத்திக்கும் நெல்லுக்கும் வாங்கி மிச்சம் வைத்த மருந்தில் ஒரு மூடி ஊற்றிக் கலக்கி அடித்துவிடுகிறோம். மறுநாள் அதே செடியில் பழம் பறித்து ரசமும் வைக்கிறோம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிப் பயிர்களுக்கு அடிக்கவே தடை உள்ளது. தவிர, தக்காளியில் வரும் பல தொந்தரவுகளுக்குப் பூச்சி மருந்தால் எந்தப் பலனும் இல்லை.

ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில் கால்மணி நேரம் ஒதுக்கி, இலைகளைத் திருப்பிப் பாருங்கள். ஒரு ஏக்கரில் இது நடக்காது. கொல்லையில் நடக்கும்.

இலை சுருண்டால்

இலைகள் சிறுத்து, ஓரம் மேல்நோக்கி மடிந்து, வெளிறி, செடி வளராமல் குட்டையாக நின்றால் அது இலைச்சுருள் நச்சுயிரி நோய். வெள்ளை ஈ இதைப் பரப்புகிறது. நோய் வந்த செடியைக் குணப்படுத்த எந்த மருந்தும் கிடையாது. பூவும் பிஞ்சுமாக நிற்கும் செடியைப் பிடுங்க மனசு வராதுதான். ஆனால் அதை விட்டுவைத்தால் பக்கத்துச் செடிகளும் போய்விடும். ஈக்கள் சுறுசுறுப்படையாத அதிகாலையில், செடியின் மேல் ஒரு சாக்குப்பையைக் கவிழ்த்து மூடி, அப்படியே வேரோடு பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். பையில்லாமல் பிடுங்கினால் ஈக்கள் கிளம்பி அடுத்த செடியில் உட்காரும்.

ஒரு எச்சரிக்கை. நல்ல வெயில் நாளில் அடியிலைகள் மட்டும் உருண்டு தடித்து, கொழுந்து இயல்பாகப் பச்சையாக இருந்தால் அது நோய் இல்லை. வெப்பத்தால் வருவது. அந்தச் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள்.

வெள்ளை ஈயைக் குறைக்க, மஞ்சள் பெயின்ட் அடித்த தகர டப்பாவில் விளக்கெண்ணெய் தடவி, செடியின் உச்சி உயரத்துக்குக் குச்சியில் கவிழ்த்து வையுங்கள். ஈ ஒட்டி நிறைந்ததும் துடைத்துவிட்டு மறுபடி தடவுங்கள். இதைவிட முக்கியம் நாற்றுப் பருவம். நாற்றங்காலை நெருக்கமான நைலான் வலையால் மூடி வளர்த்தால், இளஞ்செடியில் நோய் ஏறுவது வெகுவாகக் குறையும். ஒவ்வொரு ஆண்டும் இந்த நோயால் அவதிப்படுபவர்கள், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா ரக்‌ஷக்’ ரகத்தைப் போட்டுப் பார்க்கலாம். இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்கருகல் மூன்றையும் தாங்கும். வீரிய ஒட்டு ரகம் என்பதால், அதன் பழத்தில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் அதே குணம் வராது.

காயில் ஓட்டை

காய்ப்புழு தலையைக் காய்க்குள் விட்டு, உடம்பின் பின்பாதியை வெளியே வைத்துக்கொண்டு தின்னும். ஒரே புழு பல காய்களைக் கெடுக்கும் என்பதால், ஒன்றைப் பிடித்துக் கொன்றாலே மிச்சம் அதிகம். ஓட்டை விழுந்த காய்களைச் செடியடியில் போடாமல் புதையுங்கள். உள்ளே இருக்கும் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும்.

இலையின் அடியில் பழுப்பு முடி மூடிய முட்டைக் குவியலோ, கூட்டமாகச் சுரண்டும் குட்டிப் புழுக்களோ இருந்தால் அது புரோடீனியா எனப்படும் புகையிலை வெட்டுப்புழு. அந்த ஒரு இலையைக் கிள்ளி எடுத்தால் நூற்றுக்கணக்கான புழுக்கள் போயின. நான்கு நாள் தாமதித்தால் அவை செடி செடியாகப் பிரிந்துவிடும். இலையில் பாம்பு ஊர்ந்ததுபோல வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் இலைத்துளைப்பான். அந்த இலைகளையும் கிள்ளிவிடலாம்.

துலுக்கச் செவ்வந்தி பூத்திருந்தால் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி அதை நாடிப் போய் முட்டையிடும். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும் என்பதால், 25 நாள் தக்காளி நாற்று நடும்போது செவ்வந்தி நாற்றுக்கு 40 நாள் ஆகியிருக்க வேண்டும். வயலில் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செவ்வந்தி என்பது கணக்கு. கொல்லைக்கு நான்கைந்து செடி போதும்.

வேப்பங்கொட்டைக் கரைசல்

வெள்ளை ஈ, அசுவினி, இளம்புழுக்கள் எல்லாவற்றுக்கும் கைகொடுப்பது இதுதான். 10 லிட்டருக்கு அரை கிலோ வேப்பம்பருப்பு வேண்டும். ஓட்டை நீக்கி எடை போடுங்கள். பருப்பை இடித்துத் துணியில் தளர்வாகக் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் பால் நிறம் வரும்வரை பிழிந்து, வடிகட்டி, மீதித் தண்ணீரைச் சேருங்கள். 100 கிராம் காதி சோப்பைக் கரைத்துக் கலந்தால்தான் இலையில் ஒட்டும். மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வெயிலில் அடித்தால் சத்து சீக்கிரம் போய்விடும். எடுத்துவைத்து அடுத்த வாரம் அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அன்றன்றைக்குக் கரைப்பதே நல்லது. விழுந்த அன்றே புழு சாகும் மருந்து இது இல்லை. தின்னாமலும் வளராமலும் மெதுவாகத்தான் ஒழியும்.

செடி வாடினால்

மதியம் தலை தொங்கி மாலையில் நிமிர்ந்தால் அது வெயில் வாட்டம். பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடி, காலையிலும் எழவில்லை என்றால் பாக்டீரியா வாடல் நோயாக இருக்கலாம். அடித்தண்டை நான்கு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல்போல இறங்கினால் சந்தேகமே இல்லை. அந்த இடத்தில் சில ஆண்டுகளுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வேண்டாம். நால்வரும் ஒரே குடும்பம். அங்கே நனைந்த மண்வெட்டியையும் கழுவிவிட்டே வேறு பாத்தியில் போடுங்கள்.

அடியிலையிலிருந்து படிப்படியாக மஞ்சளாகி வாடி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக்கோடு தெரிந்தால் பூஞ்சண வாடல். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அடுத்த நடவுக்கு முன் மண்ணில் வேப்பம்புண்ணாக்கும், தொழுவுரத்தில் பெருக்கிய டிரைக்கோடெர்மா விரிடியும் இடுங்கள். விதைக்கு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்தால் நாற்றழுகலும் குறையும்.

இலையில் வட்டப்புள்ளி

அடியிலையில் வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் முன்கருகல். மண் தெறித்துத்தான் பெரும்பாலும் ஏறுகிறது. குச்சி நட்டுச் செடியைத் தூக்கிக் கட்டி, தரையைத் தொடும் இலைகளை நீக்கி, வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். தண்ணீரை வேருக்கு விடுங்கள், இலைமேல் ஊற்ற வேண்டாம். அப்படியும் மேலேறினால் மேங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம்.

காயின் அடிப்பக்கம் கறுத்தால்

காம்புக்கு எதிர்ப்பக்கம் தோல்போலக் கறுத்து அமுங்கினால், அது பூச்சியும் இல்லை, கிருமியும் இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. நான்கு நாள் காயவிட்டு ஒரேநாளில் கொட்டும் தண்ணீர்தான் இதற்கு முக்கியக் காரணம். அளவாக, இடைவெளி மாறாமல் விடுங்கள். யூரியாவைக் குறையுங்கள். இதற்கு மருந்தடித்துக் காசைக் கரைத்தவர்கள் ஏராளம். பழம் வெடிப்பதும் பெரும்பாலும் இதே தண்ணீர்க் கோளாறுதான்.

கடை மருந்து வாங்கும்போது

தவிர்க்க முடியாமல் வாங்கினால், லேபிளில் தக்காளி என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முக்கோணத்தின் நிறம் சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் அதில் இருக்கும். பழுத்ததை முதலில் பறித்துவிட்டுத் தெளியுங்கள். அந்த நாட்கள் முடியும்வரை பிள்ளைகள் செடியில் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவென்று பிடிபடவில்லை என்றால், காய்ந்த இலை ஒன்றை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். நோய் ஆரம்பிக்கும் நிலையில் உள்ள செடியை வேரோடு ஒரு பையில் போட்டு, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ காட்டுங்கள். போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.