லடாக்கில் கீரை சாகுபடி: விதைக்கும் நாளைத் தீர்மானிப்பவை எவை?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே பகுதியில், திறந்தவெளியில் பயிர் செய்ய ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே கிடைக்கின்றன. குளிர்காலத்தில் ஸோஜிலா கணவாய் பனியால் மூடப்படும்போது, புதிய காய்கறிகளுக்கு விமானப் போக்குவரத்தையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. எனவே, கீரையை எப்போது விதைப்பது என்பது அங்குள்ள குடும்பங்களின் உணவைத் தீர்மானிக்கும் கேள்வியாகும்.

மண்ணின் வெப்பம்: பாலக்கீரை 5 டிகிரி செல்சியஸிலும் முளைக்கும், ஆனால் அதற்கு மூன்று வாரங்களுக்கு மேல் ஆகும். மண்ணின் வெப்பம் 15 டிகிரியை எட்டினால் ஒரு வாரமே போதும். பாலக்கீரையும் லெட்யூஸும் இலேசான உறைபனியைத் தாங்கக்கூடியவை. சமவெளிகளில் விளையும் தண்டுக்கீரைக்கு அத்திறன் இல்லை.

பாசன நீர்: மழை மிகக் குறைவான லடாக்கில், பனி உருகி வரும் ஓடைகளே பாசனத்துக்கு ஆதாரம். விதைப்புக் காலமான ஏப்ரல், மே மாதங்களில் ஓடைகளில் போதிய நீர் வருவதில்லை. இக்குறையைப் போக்கவே பொறியாளர் செவாங் நோர்பெல், கிராமங்களுக்கு அருகில் குளிர்கால ஓடைநீரை உறையச் செய்யும் செயற்கைப் பனிப்பாறைகளை அமைத்தார். அவருக்கு 2015-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பகல் நீளம்: ஜூன் மாதத்தில் லேயில் பகல் பொழுது 14 மணி நேரத்தைத் தாண்டுகிறது. நீண்ட பகலில் பாலக்கீரை விரைவில் பூத்து, இலை விளைச்சல் குறைகிறது. இதனால் வசந்த கால விதைப்பை முன்கூட்டியே முடிப்பதும், அடுத்த விதைப்பைக் கோடையின் பிற்பகுதியில் மேற்கொள்வதும் பயன் தரும்.

இரண்டாம் விதைப்புக்கான நாளைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கடும் உறைபனி தொடங்கும் நாளிலிருந்து, பயிர் முதிர்வதற்கான 40 முதல் 50 நாட்களைக் கழிக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் வெயில் குறைந்து வளர்ச்சி மந்தமாவதால், மேலும் இரண்டு வாரங்களைக் கழிப்பது பாதுகாப்பானது.

குளிர்காலச் சாகுபடிக்குச் சூரிய வெப்பக் குடில்கள் உதவுகின்றன. தெற்குப் புறம் பாலித்தீன் தாளாலும் மற்ற புறங்கள் தடித்த மண் சுவர்களாலும் அமைக்கப்படும் இவற்றில், பகலில் சுவர்கள் சேமிக்கும் வெப்பம் இரவில் பயிரைக் காக்கிறது. எனினும், டிசம்பரில் பகல் பொழுது 10 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகி, வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அதற்கு முன்பே பயிர் வேரூன்றி இலை விட்டிருந்தால் மட்டுமே, குளிர்காலம் முழுவதும் சிறிது சிறிதாகக் கீரை பறிக்க இயலும்.