லூவன் தரையில் ஓர் அயர்லாந்துப் பெயர்

1607 செப்டம்பர் 14. அயர்லாந்தின் வடகோடியில், டொனிகால் பகுதியின் ரத்மல்லன் கரையிலிருந்து ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் 99 பேர். டிரோன் பிரபு ஹியூ ஓ நீல், டிர்கானல் பிரபு ரோரி ஓ டானல், அவர்களுடைய உறவினர், ஏவலாட்கள், மாலுமிகள். ஆங்கிலேயரோடு ஒன்பதாண்டுப் போர் நடத்தித் தோற்றவர்கள். மன்னிப்பு கிடைத்தும் சொந்த மண்ணில் ஒற்றர்களின் கண்ணிலிருந்து தப்ப முடியாதவர்கள். ஸ்பெயினின் உதவியோடு திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையில் கடலேறினார்கள்.

வரலாற்று நூல்கள் இதைப் 'பிரபுக்களின் வெளியேற்றம்' என்கின்றன. அந்தப் பெயரில் பெண்களுக்கு இடமில்லை. ரோசா ஓ டொஹர்ட்டியும் அந்தக் கப்பலில்தான் இருந்தார். இனிஷோவன் தீபகற்பத்தை ஆண்ட குடும்பத்தின் மகள். ரோரியின் தம்பி காஃபரின் மனைவி. அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். கையில் இரண்டு வயதைச் சற்றே தாண்டிய மகன் ஹியூ.

அந்தப் பயணத்தை உடன் சென்ற டைக் ஓ கீனான் ஐரிஷ் மொழியில் எழுதி வைத்தார். எதிர்காற்றும் புயலும் கப்பலை ஸ்பெயின் பக்கம் போகவிடவில்லை. புயலைத் தணிக்க, ஓ நீலிடம் இருந்த திருச்சிலுவைத் துண்டு பதித்த பொற்சிலுவையைக் கயிற்றில் கட்டிக் கடலில் இழுத்து வந்தார்களாம். களைத்துப்போன இரண்டு வல்லூறுகள் கப்பலில் வந்து விழ, அவற்றைப் பிடித்து இரை கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்றும் எழுதுகிறார். மூன்று வாரம் அலைக்கழிந்து அக்டோபர் 4 அன்று பிரான்சின் நார்மண்டியில் கரை சேர்ந்தபோது, குடிக்கத் தண்ணீர் தீரும் நிலையில் இருந்தது.

ரோரியின் மனைவி பிரிட்ஜெட் அந்தக் கப்பலில் இல்லை. கருவுற்றிருந்த அவர் அயர்லாந்திலேயே விடப்பட்டார். போனவர்களின் துயரத்தைப் பேசும்போது இந்தத் துயரத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இங்கிலாந்தோடு 1604இல் சமாதானம் செய்திருந்த ஸ்பெயின் மன்னர் இவர்களை வரவேற்க விரும்பவில்லை. ஆகவே ஸ்பெயினின் ஆட்சியிலிருந்த ஃபிளாண்டர்ஸில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, 1608 பிப்ரவரி இறுதியில் ரோமுக்குக் கிளம்பினார்கள். சிறுவர்களை லூவன் நகரில் விட்டுவிட்டார்கள். ரோசாவின் மகனும் அங்கேயே நின்றான். பனி மூடிய ஆல்ப்ஸைக் கடந்து போன அந்தத் தாயின் மனத்தை ஓ கீனான் எழுதவில்லை. அவர் எழுதியது பிரபுக்களின் கதை.

ரோமில் திருத்தந்தை மரியாதையோடு வரவேற்றார். ஆனால் அந்தக் கோடைக்காலம் ரோசாவின் வாழ்க்கையையே புரட்டிப்போட்டது. ஊரில் அவருடைய அண்ணன் தம்பிகளில் இனிஷோவனை ஆண்டவர் கஹிர். கப்பலேறிப் போனவர்கள் மீது ராஜத்துரோகக் குற்றம் சுமத்திய ஜூரிக்குத் தலைமை வகித்தவரே அவர்தான். அவ்வளவு விசுவாசம் காட்டியும் டெர்ரி நகரின் ஆங்கிலேய ஆளுநர் அவரை அவமதித்தார். பொறுக்க முடியாமல் 1608 ஏப்ரலில் டெர்ரியைக் கொளுத்தினார் கஹிர். ஜூலை 5 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஜூலையில் ரோமில் காய்ச்சலில் ரோரி இறந்தார். செப்டம்பரில் காஃபர். பிறந்த வீட்டில் ஒரு சாவு, புகுந்த வீட்டில் இரண்டு, மூன்றே மாதங்களில். கணவரும் மைத்துனரும் சான் பியெத்ரோ இன் மொந்தோரியோ தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். இனிஷோவன் நிலம் ஆங்கிலேயப் பிரதிநிதி ஆர்தர் சிசெஸ்டரின் கைக்குப் போனது. திரும்பிப் போக வீடு இல்லை.

பின்னர் ரோசா லூவனுக்கு மகனிடம் வந்தார். நாத்தனார் நூலாவும் ஃபிளாண்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்த கணவரைத் துறந்து வந்தவர் அவர். ரோமில் அண்ணன் தம்பியின் கல்லறையருகே நூலா அழுவதாகப் பாடிய ஐரிஷ் இரங்கற்பா புகழ்பெற்றது. நூலாவின் பெயரோடு சேர்த்து அறியப்படும் ஒரு கவிதைத் தொகுப்பின் கையெழுத்துப் படி இன்றும் பிரஸ்ஸல்ஸ் அரச நூலகத்தில் இருக்கிறது. லூவனில் ஐரிஷ் பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்திய புனித அந்தோனியார் கல்லூரி, அடுத்த ஆண்டுகளில் ஐரிஷ் மொழியின் அச்சுக்கும் வரலாற்று ஆய்வுக்கும் பெரும் தளமானது. நிலம் பறிபோனவர்கள் மொழியை விடவில்லை. என் கணிப்பில், இந்த வெளியேற்றம் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்ததில் நிலைத்து நின்றது அதுதான்.

ரோசா மறுமணம் செய்துகொண்டார். மணமகன் ஓவன் ரோ ஓ நீல், டிரோன் பிரபு ஹியூ ஓ நீலின் அண்ணன் தம்பி வழி மகன். ஸ்பெயினின் ஐரிஷ் படைப்பிரிவில் வீரர். 1640இல் பிரெஞ்சுப் படையின் முற்றுகையை எதிர்த்து ஆராஸ் நகரில் நின்றவர். 1642இல் அவர் அயர்லாந்து திரும்பி அல்ஸ்டர் படைக்குத் தலைமை ஏற்றார். 1646 ஜூனில் பென்பர்ப் போரில் பெருவெற்றி. 1649 நவம்பரில், ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல் அயர்லாந்தை நசுக்கிக்கொண்டிருந்த வேளையில், நோயில் இறந்தார். மறு ஆண்டு, ஸ்காரிஃபாலிஸ் போர்த் தோல்விக்குப் பின் மகன் ஹென்றி ரோ பிடிபட்டுக் கொல்லப்பட்டார். ரோசாவின் மூத்த மகன் ஹியூ அதற்கு வெகுமுன்பே இறந்துவிட்டிருந்தான்.

ரோசா எல்லாரையும் தாண்டி வாழ்ந்தார். 1660 நவம்பர் 1 அன்று, எழுபது வயதைக் கடந்து, பிரஸ்ஸல்ஸில் இறந்தார். லூவனின் புனித அந்தோனியார் கல்லூரியில், மூத்த மகன் ஹியூவின் அருகே அடக்கம் செய்தார்கள். லத்தீனில் பொறித்த கல்லறைக் கல்லில் இரு கணவர்களும் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் அவருக்கு இட்ட பெயர் பிறந்த குடியின் பெயரான ஓ டொஹர்ட்டிதான்.