இலவச மடிக்கணினியும் இரண்டு காதுகளும்: ஹெட்போன் வந்த வழி

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் பக்கம் காக்களூரில் நடந்த விழாவில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்த எட்டு ஒன்பது வருஷத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் கைக்குப் போயின. விழுப்புரத்துக்கு மேற்கே, திருக்கோவிலூர் போகும் பக்கம் இருக்கும் முகையூர் ஒன்றியம் மாதிரியான இடங்களில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். (முகையூர் 2008 தொகுதி மறுசீரமைப்பு வரை ஒரு சட்டமன்றத் தொகுதியாகவும் இருந்தது. இப்போது ஒன்றியத்தின் பெயரில்தான் அந்தப் பெயர் பெரிதாக நிற்கிறது.)

திட்டத்தின் நோக்கம் படிப்பு. ஆனால் மடிக்கணினி வந்த வீட்டில் முதல் வாரம் என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பென்டிரைவில் பாட்டு வந்திருக்கும்! ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருந்தன. அந்த ஸ்டார்ட்டரில் திரைப்படத்தைக் கூட மாற்ற முடியாது. பாட்டு மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். மடிக்கணினியின் ஸ்பீக்கரோ மின்விசிறிச் சத்தத்துக்கே தோற்றுப் போகும். அதனால் அடுத்தது பேருந்து நிலையக் கடையில் ஐம்பது ரூபாய் இயர்போன். அதற்கும் அடுத்து, "இன்னும் நல்லா கேட்கணும்னா எதை மாத்தணும்?" என்ற கேள்வி.

இந்தக் கேள்விக்கு வயது நூறு இருக்கும். ஒவ்வொரு காலத்திலும் பதில் வேறு வேறாக இருந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

தமிழ்நாட்டில் பொதுமக்கள் ஹெட்போன் மாட்டிக் கேட்ட கதை கம்ப்யூட்டருக்கு ரொம்ப முன்னால் தொடங்குகிறது. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பித்தார். ஜூலை 31 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. அந்தக் காலத்தில் சாதாரண வசதி உள்ளவர் வாங்கக்கூடியது கிரிஸ்டல் ரேடியோ. அதற்கு பேட்டரி கிடையாது, மின்சாரமும் வேண்டாம். ஏரியல் கம்பியில் விழும் வானொலி அலையின் சக்தி மட்டும்தான் ஒலியாகும். அது எவ்வளவு சின்ன சக்தி என்றால், ஸ்பீக்கரை அசைக்கவே அசைக்காது. ஹெட்போனில்தான் கேட்டாக வேண்டும். ஆகவே தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி, 2000 ஓம், 4000 ஓம் என்று ஹெட்போன் செய்தார்கள். (இன்றைய இயர்போன் 16 அல்லது 32 ஓம்தான்.) ரேடியோ என்பது ஒரு சுருளும் ஒரு கல்லும். காசெல்லாம் ஹெட்போனுக்கு! அந்த ஒலிபரப்பு முகையூர்ப் பக்கம் எட்டியிருக்க வாய்ப்பில்லை. பணம் இல்லாமல் கிளப் 1927-ல் ஒலிபரப்பை நிறுத்தியது, 1930-ல் சென்னை மாநகராட்சி எடுத்து நடத்தியது, 1938-ல் அகில இந்திய வானொலி வந்தது. வால்வு ரேடியோவும் ஸ்பீக்கரும் பரவிய பிறகு ஹெட்போன் வீட்டை விட்டுப் போய், தந்தி ஆபீசிலும் தொலைபேசி நிலையத்திலும் தங்கிவிட்டது.

ஹெட்போனை இன்றைய உருவத்துக்கு முதலில் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர் நத்தானியேல் பால்ட்வின். 1910-ல் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து செய்தார், அமெரிக்கக் கடற்படை வாங்கியது. பாட்டுக் கேட்பதற்கு என்றே ஸ்டீரியோ ஹெட்போன் செய்தவர் ஜான் காஸ், 1958-ல். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று தனித்தனியாக ஒலி போவது அதற்குப் பிறகுதான் சாதாரண விஷயமாயிற்று. தமிழ் சினிமாவுக்கு ஸ்டீரியோ வர இன்னும் இருபது வருஷம் பிடித்தது. இளையராஜா இசையில் 1978-ல் வந்த 'ப்ரியா' படப் பாடல்களைத்தான் தமிழின் முதல் ஸ்டீரியோ பாடல்கள் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் சோனி வாக்மேன். 1979-ல் வந்த அந்தப் பெட்டியை எல்லோரும் பேசுகிறார்கள், கூட வந்த ஹெட்போனை யாரும் பேசுவதில்லை. அதுவரை ஹெட்போன் என்றால் 300, 400 கிராம் இருக்கும். வாக்மேனோடு வந்தது சுமார் 50 கிராம். தொலைபேசி நிலையப் பலகைக்காக 19-ஆம் நூற்றாண்டில் உருவான தடித்த பின்னுக்குப் பதில், 3.5 மி.மீ. பின் உலகம் முழுக்கப் பரவியதும் இதனால்தான். இலவச மடிக்கணினியின் பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சின்னத் துளையின் அப்பா, வாக்மேனின் துளை.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு வாக்மேன் கடையிலிருந்து வந்ததை விட, துபாயும் சிங்கப்பூரும் போய்த் திரும்பியவர்களின் பெட்டியிலிருந்து வந்ததே அதிகம். அதில் போடுகிற கேசட்டோ ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தது. ஒரு தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்தால், இரண்டு நாளில் 60 அல்லது 90 நிமிடக் கேசட்டில் நிரப்பித் தருவார்கள். கேசட்டில் எப்போதும் 'ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல். பதிவு மேல் பதிவு எடுத்ததென்றால் இரைச்சல் இரண்டு மடங்கு. அந்தக் காலத்தில் எவ்வளவு நல்ல ஹெட்போன் வாங்கினாலும் அந்த இரைச்சல்தான் இன்னும் தெளிவாகக் கேட்கும்! நல்ல நாடா வாங்குவதும், நல்ல கடையில் பதிவதும்தான் அப்போதைய 'அப்கிரேட்'.

கம்ப்யூட்டர் கதை சிங்கப்பூரில் தொடங்குகிறது. 1980-கள் வரை சாதாரண ஐபிஎம் வகை கணினிக்கு 'பீப்' என்று கத்த மட்டுமே தெரியும். சிம் வோங் ஹூ என்பவர் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை விற்க ஆரம்பித்தது. 1992-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16-தான் சிடி அளவுக்கு, அதாவது 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் ஒலியைக் கையாண்டது. அப்போது கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் பணம் போக வேண்டிய இடம் அட்டை. வேறு வழியே இல்லை.

பிறகு 1997-ல் இன்டெல் ஏசி'97 என்ற வரையறையைக் கொண்டுவந்தது. ஒலிச் சில்லை மதர்போர்டிலேயே ஒட்டிவிடலாம், தனி அட்டை தேவையில்லை. விலை குறைந்தது, தரமும் கொஞ்சம் குறைந்தது. சிடியின் 44,100 கணக்கை 48,000 கணக்குக்கு மாற்றித்தான் பெரும்பாலான சில்லுகள் வாசிக்கும். அந்த மாற்றம் அரைகுறையாக நடக்கும். அதோடு டெஸ்க்டாப் பெட்டியின் முன்பக்கத் துளைக்கு உள்ளே ஒரு சாதாரண ஒயர் ஓடும். மின்விசிறி, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றின் மின் இரைச்சலையும் அது வாரிக்கொண்டு வரும். மவுஸை நகர்த்தினால் காதில் 'கீச்' என்று கேட்ட தலைமுறை இதுதான். 2004-ல் இன்டெல் இதை மாற்றி எச்டி ஆடியோ என்று கொண்டுவந்தது. ரியல்டெக் நிறுவனத்தின் நண்டுச் சின்னம் போட்ட சில்லுகள் எல்லா மதர்போர்டிலும் உட்கார்ந்தன. சத்தமில்லாமல் நடந்த பெரிய மாற்றம் இது. 2011-ல் மடிக்கணினி கைக்கு வந்தபோது, அதிலிருந்த ஒலிச் சில்லு இருபது வருஷத்துக்கு முந்தைய தனி அட்டையை விட மேலானது. ஆனால் 'சவுண்ட் கார்டு மாத்தினா நல்லா கேட்கும்' என்ற பழைய நம்பிக்கை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

குறை எங்கே போனது என்றால், பாட்டுக் கோப்புக்குள் போனது. சிடியில் ஒரு நொடிப் பாட்டுக்கு 1411 கிலோபிட். ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 53 எம்பி. அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 5 எம்பிக்குள் அடங்கும். 2000-களில் '150 பாட்டு ஒரே சிடி' என்று விற்ற கணக்கு இதுதான். பதினொன்றில் ஒரு பங்குதான் மிச்சம். எம்பி3 முட்டாள்தனமாக வெட்டவில்லை. காது கவனிக்காததாகப் பார்த்து எடுக்கிறது. ஆனாலும் அந்தக் கால 128-ல் ஜால்ரா, சிம்பல், கைதட்டல் எல்லாம் தண்ணீருக்குள் கேட்பது போல நெளியும். அதில் பாதிப் பாட்டு கேசட்டிலிருந்து மாற்றியதாக இருந்தால் சொல்லவே வேண்டாம். அந்தக் கோப்பை 320 ஆக மாற்றித் தரும் மென்பொருள்களைப் பலர் தேடி நிறுவினார்கள். போனது போனதுதான், கோப்பு மட்டும் இரண்டரை மடங்கு பெருக்கும். இன்று ஓபஸ், ஏஏசி முறைகளில் வரும் இணையப் பாட்டு அதே அளவில் இதை விட எவ்வளவோ நன்றாக இருக்கிறது. ஆக இந்தக் குறையும் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது, அதுவும் மாணவர் கைக்காசு செலவாகாமல்.

மடிக்கணினித் திட்டம் தொடங்கிய அதே 2011-ல் உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு வேடிக்கை நடந்தது. 'என்டபிள்யூஆவ்கை' என்ற புனைபெயரில் எழுதிய ஒரு மின்னணுப் பொறியாளர் ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரின் முழு வரைபடத்தையும் இலவசமாக வெளியிட்டார். சில பத்து டாலர் உதிரிபாகங்களில் யாரும் செய்துகொள்ளலாம். அளவீடுகளில் அது பல மடங்கு விலையுள்ள பெட்டிகளுக்கு இணையாக நின்றது. 2012-ல் ஆள் எழுதுவதை நிறுத்திக்கொண்டார், யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்கு முன்பே 1990-களின் இறுதியில் சூ மோய் என்பவர் பெப்பர்மிண்ட் டப்பாவுக்குள் அடங்குகிற ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொடுத்திருந்தார்: ஒரு ஆப்-ஆம்ப் சில்லு, சில ரெசிஸ்டர்கள், கெபாசிட்டர்கள், ஒரு 9 வோல்ட் பேட்டரி. பாலிடெக்னிக் மாணவர் யாரும் சென்னை ரிச்சி தெருவில் ஒரு மதியம் சுற்றினால் இதற்கானதை வாங்கிவிட முடியும். இவர்கள் இருவரும் காட்டியது ஒன்றுதான். சுத்தமான ஒலியைச் செய்ய ஆகும் செலவு குறைவு. மீதி, பெட்டியின் அலங்காரத்துக்கும் பெயருக்கும். 2018-ல் ஆப்பிள் தன் யுஎஸ்பி-சி இணைப்பானை 9 டாலருக்கு விற்றபோது இது எல்லோருக்கும் தெரிந்தது. விரல் நீள ஒயருக்குள் இருக்கிற அந்தச் சில்லு, ஒரு காலத்துப் பெரிய பெட்டிகளை அளவீட்டில் மிஞ்சுகிறது.

ஆக வட்டம் சுற்றி 1924-க்கே வந்து நிற்கிறது. கோப்பு சரி, சில்லு சரி, மிச்சம் இருப்பது காதில் மாட்டுவது. ஆயிரம் ரூபாய் வைத்திருக்கும் மாணவர் அதை முழுதாக ஹெட்போனுக்கோ இயர்போனுக்கோ போடுவதுதான் கணக்குக்குச் சரி. ஆம்ப்ளிஃபையர் வேண்டுமா என்றால், 250, 300 ஓம் ஸ்டூடியோ ஹெட்போன் வைத்திருப்பவருக்கு வேண்டும். 32 ஓம் இயர்போனுக்கு எதற்கு? ஐம்பது ரூபாய் இயர்போனிலும் பாதி நேரம் பிரச்சினை ரப்பர்தான். காதில் சரியாக அடைக்காவிட்டால் தபேலாவின் டக்கா ஒலி காணாமல் போகும், உடனே வின்ஆம்பில் பேஸை ஏற்றுவார்கள், ஒலி கிழியும். பத்து ரூபாய்க்கு வேறு அளவு ரப்பர் மாட்டினால் தபேலா திரும்பி வரும். பேருந்து இரைச்சலை மிஞ்ச ஒலியைக் கூட்டத் தேவையில்லாமல் போவதும் இதே அடைப்பால்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். காதின் உள்ளே இருக்கும் நரம்புமயிர்கள் போனால் திரும்ப முளைப்பதில்லை, ரிச்சி தெருவிலும் கிடைக்காது.

2020-க்குப் பிறகு மடிக்கணினி வழங்குவது நின்றது. 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு வருஷத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கையடக்கக் கணினி என்று தமிழக அரசு அறிவித்தது. பழைய மடிக்கணினிகளில் பல இன்னமும் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றில் சீக்கிரம் பழுதாவது அந்த 3.5 மி.மீ. துளைதான். தேய்ந்து தளர்ந்து ஒரு காதில் மட்டும் பாட்டு வரும், பின்னைத் திருகிப் பிடித்தால் இரண்டிலும் வரும், விட்டால் போய்விடும். மதர்போர்டைக் கழற்ற வேண்டியதில்லை. இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டைப் பக்கத்தில் செருகினால் போதும். விண்டோஸோ லினக்ஸோ அதுவாகவே கண்டுகொள்ளும், டிரைவர் கூடத் தேட வேண்டாம்.