மின்புலச் சூட்டிணைப்பு: உருகாமல் இறுகும் துகள்கள்

மில்லிக்கனில் வாசற் பனியை அள்ளிக் குவித்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போனால், அந்தக் குவியல் மண்வாரிக்கு அசையாது. வெப்பநிலை சுழிக்குக் கீழேயே இருந்தாலும் இது நடக்கும். துகள்கள் தொடும் இடங்களில் மூலக்கூறுகள் நகர்ந்து, கழுத்துப் போன்ற இணைப்பை உண்டாக்குகின்றன. பொடியை உருக்காமல் இப்படிக் கெட்டியாக்குவதே 'சின்டரிங்'. தமிழில் சூட்டிணைப்பு என்று எழுதுகிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழம்பனியின் துகள்கள் நாளடைவில் பருத்துவிடுவதுபோல, உலோகத்திலும் பீங்கானிலும் சிறு பரல்களைப் பெரிய பரல்கள் விழுங்கிவிடும். பரல் சிறுத்தால் உலோகத்தின் வலிமை கூடும் என்று ஹால் 1951இலும் பெட்ச் 1953இலும் காட்டினார்கள். ஆனால் துளைகள் மூடும்வரை உலையில் மணிக்கணக்காகச் சுட்டால், நானோ பொடியில் தொடங்கினாலும் நானோ பொருள் மிஞ்சுவதில்லை.

இங்கேதான் மின்சாரம் உதவுகிறது. பொடியைக் கிராஃபைட் அச்சில் இட்டு, இருபுறமும் அழுத்தியபடி, சில வோல்ட்டில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் செலுத்துவார்கள். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான பாகை சூடு ஏறும். சில நிமிடங்களில் வேலை முடியும். பரல்கள் பருக்க அவகாசமே இல்லை. 1960களில் ஜப்பானியர் கியோஷி இனோவே இதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று ஐதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையத்திலும் இக்கருவி உள்ளது.

2010இல் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் ரிஷி ராஜ் குழுவினர் இன்னொரு படி சென்றனர். சிர்க்கோனியாப் பீங்கானுக்கு வழக்கமாக 1450 பாகை செல்சியசில் பல மணிநேரம் வேண்டும். மின்முனைகளை நேரடியாகப் பொருத்தி மின்புலம் கொடுத்தபோது, உலை 850 பாகையில் இருக்கையிலேயே ஐந்து வினாடிக்குள் அது இறுகியது. மின்னோட்டம் பொருளுக்குள்ளேயே உண்டாக்கும் வெப்பம் இதில் பெரும்பங்கு. அதற்குமேல் மின்புலத்தின் தனிப்பங்கு எவ்வளவு என்பதில் விவாதம் தொடர்கிறது.

கடைசியாக, பெயர் பற்றி ஒரு சொல். கிராஃபைட் அச்சு முறைக்கு 'ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் 2008இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது அதில் பிளாஸ்மா தென்படவில்லை. 'தீப்பொறிப் பிளாஸ்மா' என்று நாம் அப்படியே மொழிபெயர்த்தால், பிழையையும் சேர்த்தே இறக்குமதி செய்கிறோம். கலைச்சொல் ஆக்குவோர் ஆங்கிலச் சொல்லைப் பார்க்குமுன் பொருளைப் பார்க்க வேண்டும். அதனால்தான் மின்புலச் சூட்டிணைப்பு என்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் வாசகர்களிடம் இருந்தால் மகிழ்வோடு ஏற்றுக்கொள்வேன்.