வர இருப்பது

எங்கள் சேந்தமங்கலத்துப் பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சுக்கு மாறிவிட்டாள். "மார்க் நெறைய வருமுங்க பெரியப்பா!" சாயங்காலமானால் திண்ணையில் உட்கார்ந்து ஃபினிரே, ஃபினிரா என்று உருப்போடுவாள். நாமக்கல் பக்கத்துப் படிப்பு அப்படி.

உருப்போட அதில் ஒன்றுமில்லை. 'ஃபினீர்' என்றால் முடிக்க. ஃபினிரேயின் வாலில் இருக்கும் 'ஏ', 'என்னிடம் இருக்கிறது' என்னும் 'ஜே'யில் வருகிற அதே 'ஏ'. இரண்டும் ஒட்டினால் ஃபினிரே, முடிப்பேன். 'பார்லெ' (பேச) என்பதன் கடைசி எழுத்தான 'ர்' தனியே நிற்கையில் ஒலிக்காது. 'பார்லெரே' என்று எதிர்காலம் ஆனதும் வாய் திறக்கும்.

பிரெஞ்சு பிறந்த லத்தீனில் 'பாடுவேன்' என்பதற்குக் 'கந்தாபோ' என்று தனி வடிவமே இருந்தது. பேச்சில் அது தேய, ஜனங்கள் 'கந்தாரே ஹபேயோ', அதாவது 'பாட இருக்கிறது என்னிடம்' என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த ஹபேயோதான் நைந்து நைந்து 'ஏ' ஆனது. ஏழாம் நூற்றாண்டின் ஃபிரெடகார் வரலாறு என்னும் லத்தீன் நூலிலேயே 'தாராஸ்' என்று ஒட்டிய வடிவம் கிடைக்கிறது. பொருள், தருவாய். தமிழ்க் காதுக்கு இனிக்கும். தற்செயல்தான், உறவு கொண்டாடிவிடாதீர்கள்.

நம்மிடம் ஹபேயோ போல உடைமைக்கென்று ஒரு வினை கிடையாது. 'இரு'வை வைத்தே சமாளிக்கிறோம். "அமைச்சர் வரவிருக்கிறார்" என்று செய்தித்தாள் எழுதுகிறதே, அது இதே தையல்தான். நூல் இன்னும் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இலக்கணத்தின் எதிர்காலம் பிரெஞ்சில் 'ஃப்யுத்யூர்'. பிள்ளைகளின் எதிர்காலம் என்று கவலைப்படுகிறோமே, அது 'அவ்னீர்'. பிரித்தால் 'வர இருப்பது', நம் வருங்காலமேதான். தொல்காப்பியரின் 'எதிர்வு' இன்னும் ஒரு படி மேல்: எதிரே வந்துகொண்டிருப்பது.

ஒருநாள் அவள் நோட்டில் சிவப்புச் சுழி. 'நீ வரும்போது சொல்கிறேன்' என்பதை இங்கிலீஷ் வழியாக யோசித்து, வருவதை நிகழ்காலத்தில் எழுதியிருந்தாள். பிரெஞ்சில் அங்கே எதிர்காலம், 'வியாந்த்ரா' வரவேண்டும்.

"தமிழ்ல யோசி கண்ணு. வர்றபோதுன்னா சொல்றோம்? வரும்போது. 'வரும்' எதிர்காலந்தானே?"

கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தாள்.

"நேத்து வரும்போது மழையில நனைஞ்சேன்னும் சொல்றமுங்களே, பெரியப்பா?"